ஏற்கெனவே இருக்கு

மாறனுக்கு வாய் நீளம் என்பது திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவர்களிடம்கூட, "இதை இவ்ளோ கெடுக்கறதுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்களே" என்று சொல்லித்தான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பான். அப்படிப்பட்டவனிடம் கொஞ்சம் அதிகாரமும் வந்து சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

2006-ஆம் வருடம். பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாகக் கொடுப்பதற்காக விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்கிற ‘கதிர்’ என்றொரு தமிழ் லினக்ஸ் சிடியை ஒரு கூட்டம் தயாரித்துக்கொண்டிருந்தது. சென்னையில் இரண்டு பேர், சிங்கப்பூரில் ஒருவர், கனடாவில் ஒருவர் என்று எல்லோரும் ஆசைக்குச் செய்கிறவர்கள். யார் எழுதிய நிரல், அதாவது புரோகிராம், சிடியில் ஏறலாம், யாருடையது ஏறக்கூடாது என்று முடிவு செய்வது மாறன். ஏற வேண்டியதை ஒழுங்காக மூட்டை கட்டி, எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும் என்று எழுதிவைப்பதும் அவன்தான். இதற்கு பேக்கேஜிங் என்று பெயர். சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத பதவியில் மனிதர்களுக்கு வருகிற கெடுபிடி கலெக்டருக்குக்கூட வராது.

அனுப்புகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நம் ஆட்களில் ஒருவனுக்கு நாலு வரி நிரல் எழுதத் தெரிந்துவிட்டால் முதல் வேலையாக ஒரு நாள்காட்டி எழுதுவான். ஊரில் ஏற்கெனவே எத்தனை நாள்காட்டி கிடக்கிறது என்று திரும்பிப் பார்க்கமாட்டான். அடுத்து எழுதுவது எழுத்துரு மாற்றி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு டிடிபி கடையும் ஒவ்வொரு எழுத்துரு, அதாவது ஃபான்ட், வைத்திருந்தது. ஒரு கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகையை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால், ஜன்னி கண்டவன் மாதிரி அது எதையாவது உளறும். அந்த உளறலை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தாக மாற்றிக் கொடுக்கிற லைப்ரரிதான் மாற்றி. லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கி வைக்கிற இடம் இல்லை. மற்ற நிரல்கள் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும் இன்னொரு நிரல், அவ்வளவுதான். கதிரில் சிங்கப்பூர்க்காரர் எழுதிய மாற்றி ஒன்று இருந்தது. இருந்தும் ஆளாளுக்குத் தன் பெயரையோ தன் பிள்ளை பெயரையோ சூட்டி இன்னொன்றை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

மாறன் எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தான். "ஏற்கெனவே இருக்கு." வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. அனுப்பியதைத் திறந்து பார்க்கிற பழக்கமும் கிடையாது. மேலே எழுதியிருக்கிற ஒரு வரி விளக்கத்தைப் படிப்பான், பதிலைத் தட்டுவான், டீக்கடைக்குப் போவான். கூடப் பிறந்தவள் என்றும் பார்க்கவில்லை. மூன்று வருடம் முன்பு சாப்பிடும்போது தங்கை கவிநிலா, தானும் ஒரு மாற்றி எழுதியிருப்பதாகச் சொன்னாள். "ஏற்கெனவே இருக்கு. கொழம்பு ஊத்து" என்றான். அவள் ஊற்றினாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

வளவன் அனுப்பியதற்கும் இதே பதில்தான் போயிருக்கும். அவன் மாப்பிள்ளையாக வரப்போகிறவனாக இருந்ததுதான் வினை.

கவிநிலா எம்.சி.ஏ. படித்தவள். தேரடி வீதியில் ஒரு டிடிபி கடையை நடத்திக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வயதாகிவிட்டது. வந்த சம்பந்தங்களில் இரண்டு மாறனின் வாயால் போயின. ஒரு வங்கி மாப்பிள்ளை, "எனக்கும் கம்ப்யூட்டர் தெரியும், எக்செல்ல எல்லாம் போடுவேன்" என்று சொன்னபோது இவன் கெக்கெக்கே என்று சிரித்துத் தொலைத்தான். இன்னொருவரிடம் என்ன சொன்னான் என்பதை அம்மா சந்திரம்மாள் இன்றுவரை யாரிடமும் சொல்வதில்லை. மூன்றாவதாக அமைந்தவன் வளவன். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளன், ஆரணிப் பக்கம். கவிநிலா போட்டோவைப் பார்த்துவிட்டு "பரவாயில்ல" என்றாள். அவள் வாயில் பரவாயில்லை என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

வளவனின் அப்பா அப்பாதுரை போனில் பேசினார். "நாங்க ஒண்ணுமே கேக்கலீங்க. நகை உங்க இஷ்டம், சீர் உங்க இஷ்டம். பையனுக்கு ஒரே ஒரு ஆசை. ஏதோ லைப்ரரி எழுதியிருக்கானாம். பொண்ணோட அண்ணன் கையிலதான் அந்த சிடி இருக்குதாமே. அதுல போட்டுட்டா எங்க பையனை டிபார்ட்மென்ட்டுக்கே ஹெட் ஆக்கிடுவாங்க. பூ வெக்க வரப்போ நல்ல சேதி சொல்லுங்க."

மாறனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பைக் கேட்டிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

"அவரு எதோ புஸ்தகம் வெக்கறாராம், வெச்சுக்கட்டுமேடா. உனக்கு இன்னா கொறைஞ்சிடும்?" என்றாள் சந்திரம்மாள்.

"அம்மா, அது புஸ்தகம் இல்ல. ஏற்கெனவே இருக்கறதையே..."

"அந்த வார்த்தையச் சொன்ன, நான் மனுசியா இருக்கமாட்டேன். ரெண்டு சம்பந்தம் உன் வாயாலதான் போச்சு. இதுவும் போச்சுன்னா அவளுக்கு நீதான்டா பதில் சொல்லணும்."

மாறனின் அப்பா ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பயிரிட்டுக்கொண்டிருந்த மனிதர். பேச்சை மகனுக்கு விட்டுவிட்டு வெகுகாலம் ஆகிறது. அவர் பெயர் மண்ணாங்கட்டி. அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. இதுவாவது தங்கட்டும், எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று வைத்த பெயர். கீழ்பென்னாத்தூரில் அந்தப் பெயருக்கு யாரும் சிரித்ததில்லை. வேங்கிக்கால் ஆபீஸ்களில்தான் சிரித்தார்கள். மாறனுக்கு அந்தச் சிரிப்பு பள்ளிக்கூடத்திலேயே ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்கு பயோடேட்டா தயாரித்தபோது கவிநிலா தன் கடையில் அப்பா பெயரை முழுசாகத்தான் அடித்திருந்தாள். பிரிண்ட் எடுப்பதற்கு முன்னால் மாறன் அதை அழித்துவிட்டு ‘மணி’ என்று போட்டான். ஊராரை நக்கலடிக்கிற வீரனுக்குத் தன்னை யாராவது நக்கலடித்துவிடுவார்களோ என்று அவ்வளவு பயம்.

சரி, போட்டுத் தொலைப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தான். வளவன் தன் லைப்ரரிக்கு ‘வளவம்’ என்று பெயர் வைத்திருந்தான். ஊர்ப் பெயர் போல் இருக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ. விளக்க வரியில் ‘தமிழ் எழுத்துரு மாற்றி’ என்று எழுதியிருந்தது. மாறனின் விரல் பழக்கத்தில் ஏ-னாவைத் தேடியது. இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் அவன் வைத்த வலையில் அவனே விழுந்தான். கண்டவர்களையும் விரட்டுவதற்காக அவனே ஒரு விதி போட்டு வைத்திருந்தான். ஒரே வேலையைச் செய்கிற இரண்டாவது லைப்ரரி சிடியில் ஏற வேண்டுமென்றால், இருப்பதிலிருந்து இது எதில் மேல் என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி இல்லாமல் அவனே ஏற்றினால், அவன் துரத்தியடித்த அத்தனை பேரும் அவனைப் பிய்த்துவிடுவார்கள். ‘என் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் எழுதியது’ என்று எழுத முடியுமா?

வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக, வந்ததைத் திறந்து ஓட்டிப் பார்த்தான். சோதிக்க ஏதாவது கோப்பு வேண்டுமே என்று தேடியபோது, ரிப்பேருக்கு வந்திருந்த கவிநிலாவின் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு கிரிவல அறிவிப்பு இருந்தது. முதலில் அதைக் கதிரில் இருந்த சிங்கப்பூர் மாற்றிக்குக் கொடுத்தான். ‘திருவண்மலை அருள்மிகு அண்மலையார்’ என்று வந்தது.

மாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். சந்தேகமே இல்லை, திருவண்மலை. அவன் மாவட்டத்தின் பெயரையே அவனுடைய சிடி மென்று தின்றுவிட்டிருந்தது.

விஷயம் இதுதான். இன்றைக்கு நாம் ‘ணா’ என்று ண-வுக்குப் பக்கத்தில் கால் போட்டு எழுதுகிறோம். பழைய காலத்தில் காலைத் தனியாகப் போடாமல் ண-வோடு சேர்த்துச் சுழித்து ஒரே எழுத்தாக எழுதுவார்கள். கோயில் நோட்டீஸ் அடிக்க வருகிற குருக்கள்மார்களுக்கு அண்ணாமலையார் பெயரில் அந்தப் பழைய ணாதான் வேண்டும். அதற்காகவே செய்த ஓர் எழுத்துரு தேரடி வீதிக் கடைகளில் இருந்தது. அதில் ண-வும் காலும் அடித்தால் தானாகவே பழைய எழுத்தாகச் சேர்ந்துவிடும். சிங்கப்பூர்க்காரருக்கு இந்தச் சங்கதி தெரியாது. தெரியாத எழுத்தை அவருடைய மாற்றி சத்தமில்லாமல் முழுங்கிவிட்டது.

அதே கோப்பை வளவத்துக்குக் கொடுத்தான். ‘திருவண்ணாமலை அருள்மிகு அண்ணாமலையார்’ என்று அட்சரம் பிசகாமல் வந்தது.

மாறனுக்கு வயிற்றெரிச்சலும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. ஆரணிக்காரனுக்கு இவ்வளவு மூளையா? இருந்துவிட்டுப் போகட்டும். தங்கை கல்யாணமும் நடக்கும், மனசாட்சியும் தூங்கும். ‘பழைய ணா, றா, னா எழுத்துகளைச் சரியாக மாற்றுகிறது, இருக்கும் மாற்றி இவற்றை விட்டுவிடுகிறது’ என்று வரியை எழுதி வைத்தான். பூ வைக்கிற அன்று மாப்பிள்ளை முன்னாலேயே பொத்தானை அமுக்கி ஏற்றிவிடலாம் என்று விட்டுவைத்தான். அம்மாவிடம் சொன்னான். சந்திரம்மாள் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூ வைக்க அவர்கள் பௌர்ணமி அன்று வந்தார்கள். ஒரே கார்ச் செலவில் பெண்ணுக்குப் பூவும் வைத்துவிட்டு, அப்படியே மலையையும் சுற்றிவிட்டுப் போகலாம் என்று அப்பாதுரையின் கணக்கு. வேலூர் ரோட்டில் போலீஸ் வண்டிகளைத் திருப்பிவிட்டதில் இரண்டு மணி நேரம் தாமதமாக, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்கள். கவிநிலா பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். அப்பா வெளுத்த வேட்டியில், தாம்பாளத்துக்குப் பக்கத்தில், எங்கே கை வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

மாறன் அன்றைக்கு வேறு மனிதனாக இருந்தான். "சார், உங்க லைப்ரரிய ஓட்டிப் பாத்தேன். ரொம்ப நல்லா இருக்கு" என்றான். சந்திரம்மாளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. வளவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். அப்பாதுரை உறவுக்காரர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அந்தப் பழைய ணாவ எப்டி சார் யோசிச்சீங்க? யாருமே அதத் தொடலயே" என்று மாறன் உண்மையான ஆசையோடு கேட்டான்.

"எந்த ணா?" என்றான் வளவன்.

"அதான் சார், சுழிச்சு எழுதறது. கோயில் நோட்டீஸ்ல வருமே."

"ஓ, அதுவா. அதெல்லாம் ஜெனரல் அல்காரிதம்ங்க. அதுவா வந்துடும்." வளவன் கையை வீசினான். "உண்மையச் சொல்லணும்னா, அடிப்படை கோடு நெட்ல சும்மா கெடந்தது. பேரு ஊரு ஒண்ணும் இல்ல. நான் எடுத்து ப்ரொஃபெஷனலா மாத்தினேன். எழுதினவன் சரியான காமெடி பீஸு போல. டெஸ்ட் பண்றதுக்கு வேற வார்த்தையே கெடைக்கல அவனுக்கு. எங்க பாத்தாலும் மண்ணாங்கட்டி, மண்ணாங்கட்டி, மண்ணாங்கட்டி. அந்தக் குப்பைய அழிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு."

அவன் சிரித்தான். அவன் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். இந்தப் பக்கத்தில் யாரும் சிரிக்காததை அவர்கள் கவனிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அது என் பேருங்க" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் கேட்டால் சொல்வது போலச் சொன்னார். "எனக்கு முன்ன மூணு பொறந்து தங்கல. அதனால வெச்சாங்க."

அப்பாதுரை சட்டைப்பையைத் தடவினார். "பயோடேட்டால மணினு இல்ல போட்டிருந்துது?"

அப்பா தாம்பாளத்துப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாறன் தரையைப் பார்த்தான்.

வளவன் பதறிப்போய் எழுந்தான். "சாரி மாமா. நான் உங்களச் சொல்லல மாமா. அந்த கோடு எழுதின முட்டாளத்தான் சொன்னேன்."

"எழுதினது நான்தாங்க" என்றாள் கவிநிலா.

காபி டம்ளர்களை எடுக்க வந்தவள் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "எங்க கடை எழுத்துருல அப்பா பேர மாத்தினா நடுவுல ணா போயிடும். அது சரியா வந்தா எல்லாம் சரியா வரும்னுதான் அந்தப் பேரயே எல்லா எடத்துலயும் டெஸ்ட்டுக்குப் போட்டேன்."

"அது... நெட்ல பேரே இல்லாம கெடந்தா யாருதுன்னு எனக்கு எப்டிங்க தெரியும்?"

"பேரு இருந்துதுங்க. நீங்க குப்பைனு அழிச்சீங்களே, அதான்."

அப்பாதுரை, சின்னப் பிள்ளைகள் விஷயம், கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன் பெண்டாட்டி பேசித் தீர்த்துக்கொள்ளலாம், எல்லாம் ஒரே குடும்பத்துச் சொத்துதானே என்று ஏதேதோ சொன்னார். அதைக் கேட்டபோதுதான் கவிநிலாவின் முகம் இறுகியது.

"அண்ணா, இவரோடத சிடில ஏத்திட்டியா?"

"இன்னும் இல்ல. எழுதி வெச்சிருக்கேன்" என்றான் மாறன்.

"மூணு வருசம் முன்ன எனக்கு ஒரு பதில் சொன்னியே, சாப்ட்டுகினே. அதே பதில இவருக்கும் சொல்லு."

மாறன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். அந்தச் சொல்லை அவன் நூறு பேரிடம் சொல்லியிருக்கிறான். மற்ற நேரமெல்லாம் அது நக்கல். இப்போதுதான் அது உண்மை.

"ஏற்கெனவே இருக்கு" என்றான்.

"எங்கங்க இருக்கு?" என்று கத்தினான் வளவன்.

"இதோ, உங்க எச்ச டம்ளரக் கையில வெச்சுகினு நிக்குது பாருங்க."

அவர்கள் பூவைத் தட்டோடு எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். போகிற போக்கில் அப்பாதுரை, பெயரையே மறைக்கிற குடும்பம் வேறு எதை எதை மறைத்ததோ என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். மாறனின் வாயை அடைத்த முதல் ஆள் அப்பாதுரைதான். பிறகு அவர்கள் மலை சுற்றப் போனார்கள். புண்ணியத்தை விடுவார்களா?

சந்திரம்மாள் மகனைத் திட்ட வாயைத் திறந்தாள். முதலில் யாரைத் திட்டுவது என்று பிடிபடாமல் அழ ஆரம்பித்தாள். கவிநிலா அழவில்லை என்று சொன்னால் அது பொய். உள்ளே போய்ப் பட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மாறன் முன்னறையில் உட்கார்ந்திருந்தான். "அந்த ஆளு பண்ணின வேலையப் பாத்தியா? திருட்டுப் பய" என்று ஆரம்பித்தான். "நீ உன்னோடதக் குடு. இப்பவே ஏத்திடறேன். அவனுக்கு எழுதின வரி அப்டியே இருக்கு."

"நீதான் மொதல்லயே சொல்லிட்டியே. ஏற்கெனவே இருக்கே அண்ணா, சிங்கப்பூர்க்காரரோடது."

"அது சரியில்ல கவி."

"சரியில்லன்னு மூணு வருசமா தெரியாதா? நான் எழுதினத ஒரு தடவ தொறந்து பாத்திருந்தின்னா அத நான் ஏன் நெட்ல அனாதையா போடப் போறேன்?" அவள் ஒரு பென் டிரைவை மேசைமேல் வைத்தாள். "அவராவது யாரு பேருன்னு தெரியாம அழிச்சாரு. நீ தெரிஞ்சே அழிச்ச. என் கடைல நான் அடிச்ச பயோடேட்டா இதுல இருக்குது. அடுத்த எடத்துக்குக் குடுக்க ஆகும். உன் சிடிலயே மாத்தி பிரிண்ட் எடு, பாப்போம்."

மாறன் பென் டிரைவைச் செருகினான். கோப்பைத் திறந்தான். கதிர் தன் மாற்றியைக் கூப்பிட்டது. அவன் ஊர் உலகத்துக்கெல்லாம் போதும் போதும் என்று சொன்ன அதே மாற்றி, ஒரு நொடியில் வேலையை முடித்துத் திரையில் காட்டியது.

அப்பா எழுந்து வந்து மகன் தோளுக்குப் பின்னால் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"தந்தை பெயர்... மண்... ங்கட்டி." இன்னொரு முறை படித்துப் பார்த்தார். "ஏன்டா, மணினு சுருக்கினதே பத்தலியா? இப்ப நடுவுல இருக்கறதயும் புடுங்கிட்டியா?"

மாறன் நாற்காலியை விட்டு எழுந்தான். கவிநிலா உட்கார்ந்தாள்.